அப்பா விட்டுப் போன புல்லட்

போன இதழில் ஊறுகாய் ஜாடிகளை வினிகர் விட்டு அலசுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதே வினிகர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தடவை ஒரு மோட்டார் சைக்கிளுக்குள் இறங்கப் போகிறேன். "இதென்ன, நம்ம பத்திரிகையிலே மோட்டார் சைக்கிள் சமாச்சாரம்?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. அப்பாவோ மாமனாரோ ஓட்டிய பழைய வண்டி ஒன்று எத்தனையோ வீட்டில் திண்ணை ஓரமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதை என்ன செய்வது என்று கடைசியில் நம்மிடம்தான் கேட்பார்கள்.

என் அப்பா கால்நடை டாக்டர். மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவருடைய புல்லட் சத்தம் கேட்டால், மாட்டைக் கட்டுத்தறியில் இறுக்கிக் கட்டிவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்களாம். 1974-ல் வாங்கிய 350 புல்லட். கறுப்பு வண்ணம், டேங்கில் தங்க நிறக் கோடு. பின்பக்கம் இரண்டு இரும்புப் பெட்டி. ஒன்றில் ஊசி மருந்து, மற்றதில் ஸ்பேனர். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். ராணுவத்துக்காக வந்த வண்டி, பிறகு போலீஸ்காரர், மிராசுதார், எங்கள் அப்பா மாதிரி மாட்டு டாக்டர் என்று எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

2021-ல் அப்பா காலமானார். அதற்குப் பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவோடு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டோம். அம்மாவைப் பற்றித்தான் கவலை. உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. அரைக் கரண்டி சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். டாக்டர் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்பிலே பெரிசா ஒண்ணுமில்லேம்மா, மனசுதான் சோர்ந்திருக்கு. ஏதாவது ஒண்ணிலே ஈடுபடுத்துங்க" என்றார். எதில் ஈடுபடுத்துவது? கோலம் வேண்டாம், டி.வி. வேண்டாம், பேரனைக்கூடச் சற்று நேரம் கொஞ்சிவிட்டு இறக்கிவிடுவாள்.

கோயம்புத்தூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, பழைய புல்லட்டுக்கு இப்போ நல்ல விலை கேக்கிறாங்க. துருப்பிடிச்சு வீணாப் போறதுக்கு முன்னாலே வித்து, அம்மா பேர்லே பணத்தைப் போட்டுடலாம்." அவன் சொன்னதில் தப்பே இல்லை. அம்மாவைக் கேட்டேன். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "விக்க வேண்டாண்டா, நான் ஓட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். காலேஜ் நாளில் டி.வி.எஸ். 50 ஓட்டியவள், இப்போது கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் போகிறவள். அவ்வளவுதான் என் யோக்கியதை!

முதலில் காகிதம். வண்டிச் சொந்தக்காரர் காலமானால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நான் மூன்று வருஷம் கழித்துப் போய் நின்றேன். தாமதத்துக்கு அபராதம் கட்டினேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், தம்பியும் அம்மாவும் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் வேண்டியிருந்தது. துக்க வீட்டில் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்? ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது மெக்கானிக். கடைத்தெருக் கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். அப்பா காலத்து ஆள். "மூணு வருஷம் நின்ன வண்டியை எடுத்த எடுப்பிலே உதைச்சுடாதீங்கம்மா" என்றார். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெள்ள அமுக்கிப் பார்த்தோம். பிஸ்டன் அசைந்தது. அசையாமல் இறுகியிருந்தால் உதைக்கிற உதையில் உள்ளே கீறிவிடுமாம்.

டேங்கைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை. பழைய பெட்ரோல் பிசினாகிப் போய், அடியில் துரு. இங்கேதான் வினிகர்! டேங்கை வண்டியிலிருந்து கழற்றிக் கொல்லைப்புறம் கொண்டுபோய், அடுப்பும் பூஜை விளக்கும் எட்டாத தூரத்தில் வைத்து வேலை செய்ய வேண்டும். காலி டேங்குதானே என்று அலட்சியம் கூடாது. உள்ளே நிற்கிற ஆவிதான் சட்டென்று பற்றிக்கொள்ளும். பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வினிகரை நிரப்பி ஒன்றரை நாள் வைத்தேன். பிறகு ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு உதிர்ந்து காப்பி டிகாக்ஷன் மாதிரி வருகிறது. நட்டு எத்தனை போட்டோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான் 20 போட்டு 19 எடுத்தேன். அந்த ஒன்றுக்காக அரை நாள் டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் அடியில் டார்ச் பிடித்தார்.

அதற்கப்புறம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலச வேண்டும். அமிலம் மிச்சம் நின்றால் தகரத்தைத் தின்னும். உடனே வெயிலில் காயவைத்து, ஆயில் கலந்த கொஞ்சம் பெட்ரோலை விட்டுச் சுழற்ற வேண்டும். "நாளைக்குச் செய்யலாம்" என்று ஈரமாக விட்டால் மறுநாளே மறுபடி துரு.

ஹெட்லைட் வளையம், ஹேண்டில் பார் மாதிரி பளபளக்கிற க்ரோம் பாகங்களில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால், சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பிரமாதமாகப் போய்விடும். ஆனால் எஞ்சின் மூடிகள் அலுமினியம். அங்கே சலவை சோடா கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடாவில் ஊறப்போட்டால் கறுத்துப் போகுமே, அதே கதைதான்.

இனி சொல்லப் போவதைக் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள். கோடை விடுமுறைக்கு என் மகள் இரண்டரை வயசுப் பேரனோடு வந்திருந்தாள். நான் மட்கார்டில் உரிந்துபோன பழைய பெயிண்டை உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பயல் திண்ணையில் விழுந்த தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருக்கிறான்! முதலில் நான் சிரித்துவிட்டேன். மகள்தான் ஓடிவந்து வாயைக் கழுவி, என்னைப் பிடித்து ஒரு கத்துக் கத்தினாள். அவள் கத்தினது நியாயம். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் தாராளமாகக் கலந்திருக்கும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில்கூட 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017-ல்தான். குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகள் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும்தான் மகள் என்னோடு பேசினாள்.

அதற்குப் பிறகு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் உலர்ந்த சுரண்டலே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்ப்பது, அடியில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்கு நல்ல மாஸ்க், வேலை முடிந்ததும் புடவையை மாற்றித் தனியாகத் துவைப்பது. முடிந்தால் அந்த வேலையைப் பட்டறைக்கே அனுப்பிவிடுங்கள். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூளும் அப்படித்தான். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. மெக்கானிக் பெரியவர் வாயால் ஊதப் போனார். "ஐயா, வேண்டாம்" என்று ஈரத்துணியைக் கொடுத்தேன். "நாப்பது வருஷமா ஊதிக்கிட்டிருக்கேன்" என்றார். துடைத்தார், எனக்காக.

வயரிங்கை எலி கொறித்திருந்தது, முழுசும் மாற்றினோம். பெட்ரோல் குழாயின் தக்கை காய்ந்து ஒழுகியது, அதுவும் புதிது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எதனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரும் தக்கையும் அதற்குத் தாங்குவதில்லை. ஆகவே மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிச் சில சாமான்கள் வந்தன. சீட்டுப் பணத்தில் நான் ஒதுக்கி வைத்திருந்தது அத்தனையும் போயிற்று. அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டி தயார். பெரியவர் வருகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம். எனக்குத்தான் அவசரம். ரப்பர் செருப்போடு ஏறி ஓர் உதை உதைத்தேன். கிக்கர் திருப்பி உதைத்தது பாருங்கள், அம்மாடி! கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பில் விழுந்த அடியில் கண்ணில் நட்சத்திரம். எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. பத்து நாள் நொண்டினேன். வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி ஓய்வு, இதுதான் முதல் இரண்டு நாளைக்கு.

நான் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அம்மா வந்தாள். தானாகவே வந்தாள்.

"ஏண்டி, உங்கப்பா பூட்ஸ் போடாம அதுங்கிட்டேயே போக மாட்டாங்க. உனக்கென்ன அப்படி அவசரம்?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"முள்ளைப் பாத்தியா?"

"என்ன முள்?"

அம்மா வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக ஒரு கடிகாரம் மாதிரி இருக்கிறதே, ஆம்பியர் மீட்டர், அதைக் காட்டினாள். "சாவியைத் திருப்பி மெள்ள மிதிச்சா, முள்ளு இடது பக்கம் சாயும், மறுபடி நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்ததும் நிறுத்திடணும். அப்புறம் இந்தச் சின்னப் பிடியை அமுக்கிக்கிட்டு இன்னும் கொஞ்சூண்டு மிதி. பிடியை விடு. கிக்கரை மேலே வரவிட்டு, அதுக்கப்புறம் ஒரே உதை. பாதியிலே காலை எடுக்கக் கூடாது. எடுத்தா அடிக்கும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வண்டியில் கையே வைக்காத அம்மா! "எப்படிம்மா இதெல்லாம்?" என்றேன்.

"தினம் காலையிலே காப்பி டம்ளரை வாங்க வாசல்லே நிப்பேன்ல? அவங்க உதைக்கிற வரைக்கும் வேற எங்கே பாக்கறது?"

பெரியவர் வந்ததும் கேட்டேன். அம்மா சொன்னது அட்சரசுத்தம் என்றார். பிஸ்டன் மேலே ஏறி அழுத்தம் கட்டுகிற இடத்தில் பாயின்ட் திறக்கும்; மின்சாரம் நிற்கும்; முள் நடுவுக்கு வரும். அந்தச் சின்னப் பிடி டிகம்ப்ரஷர். அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விட்டு, பிஸ்டனை மேட்டைத் தாண்டி வைக்க உதவுகிறது. 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம் உள்ள ஒற்றைப் பெரிய பிஸ்டன். அதோடு மல்லுக்கு நின்றால் அது நம்மைத்தான் ஜெயிக்கும். என்னைத் திருப்பி அடித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது: தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழுந்துகொண்டிருந்தது. அதையும் சரிசெய்தார்.

இனி மாற்றங்கள். என் மாப்பிள்ளை படபடவென்று தெருவே அதிர்கிற சைலன்சர் போடலாம் என்றார். அப்பாவின் சைலன்சரே போதும் என்றேன். சத்தத்துக்குப் பயந்து மட்டுமல்ல, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 6 வோல்ட் விளக்கு அகல் விளக்கு மாதிரி எரிந்தது. அதை 12 வோல்ட்டாக மாற்றினோம். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் தொந்தரவே இல்லை என்று பலரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால், "அதைப் போட்டா முள்ளு இந்த மாதிரி வழி சொல்லாதும்மா" என்றார் பெரியவர். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதம் ஒருமுறை பாயின்ட்டை உப்புத்தாளால் நானே தேய்த்துக்கொள்கிறேன்.

சீட்டின் பஞ்சைக் குறைத்துத் தைத்து, என் கால் தரையில் முழுசாகப் பதியும்படி செய்தோம். பின்சக்கரத்து சாரி கார்டைக் கழற்றினால் அழகாயிருக்கும் என்றார்கள். மூச்சுவிடக் கூடாது என்றேன். பின்னால் உட்காருகிறவர் துணி சிக்காமல் சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்பட வேண்டும் என்பது விதி. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மாட்டி நடந்த விபத்துகளை நாம் கேள்விப்பட்டதில்லையா? பெயிண்ட் அதே கறுப்பு. தங்கக் கோடுகளை, கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஓர் ஆர்ட்டிஸ்ட் தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஸ்டிக்கரைவிட ஆயிரம் மடங்கு அழகு.

டேங்கின் இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு நெளிவு. பட்டறையில் தட்டி எடுத்துவிடுகிறேன் என்றார்கள். அம்மா, "அது வடுவூர் எருமை உதைச்சது. அன்னிக்குக் கன்னு உசிரோட பொறந்துதுன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாங்க. அது இருக்கட்டும்" என்றாள். ஆகவே அந்த நெளிவின் மேலேயே புதுப் பெயிண்ட்; கோடு அங்கே கொஞ்சம் வளைந்து போகிறது.

50 வருஷம் தாண்டிய, அசல் அமைப்பு மாறாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு 2021-லிருந்து உண்டு. கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க, பெட்ரோல் போட என்பதற்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்டக் கூடாது. எனக்குக் கீரை வாங்கப் போக வேண்டும். சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

ஓட்டுவது இன்னொரு பாடம். இந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்போம். ஆகவே ஒரு மாதம் காலியான மைதானத்தில்தான். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் இதற்குச் செல்லாது. நான் புதிதாகப் பரீட்சை கொடுத்தேன். ஹெல்மெட் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயசு வரை உள்ள குழந்தையை எந்த இருசக்கர வண்டியில் ஏற்றினாலும் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. பேரனை நான் இதில் ஏற்றுவதில்லை. நிற்கிற வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறான், போதும்.

அம்மாவையும் ஏற்றவில்லை. 76 வயசு, எலும்பு தேய்ந்திருக்கிறது. அவளும் கேட்கவில்லை. ஆனால் காலையில் நான் கிளம்பும்போது காப்பி டம்ளரோடு வாசலில் நிற்கிறாள். "ரெண்டு நிமிஷம் சூடாகட்டும்" என்பாள். "டப்பெட் சத்தம் கேக்குது, பாக்கச் சொல்லு" என்பாள். ஒரு தடவை பெரியவரே கவனிக்காததை அவள் சொல்லித்தான் திருத்தினோம். சாப்பாடு முன்னைக்கு இப்போது தேவலை. மாத்திரையும் டாக்டரும் தொடர்கின்றன. அதையும் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். விற்கச் சொன்னதைப் பற்றி மூச்சே விடவில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்க்கா" என்று ஏறி உட்கார்ந்தான். நாலு உதை, அஞ்சு உதை. வேர்த்து விறுவிறுத்ததுதான் மிச்சம். நான் வாயைத் திறக்கவில்லை.

வாசற்படியிலிருந்து அம்மாதான் சத்தம் போட்டாள்: "டேய், முள்ளைப் பாருடா!"